முத்திரையில்லாத தராசு

“ஸ்டார்ட்அப்னா அப்படித்தான்க்கா இருக்கும். மனசுல போட்டுக்காதீங்க. உங்களுக்கு செட் ஆகலை, அவ்வளவுதான்.”

சித்தப்பா மகன் ஆறுதலாகத்தான் சொன்னான். கிண்டியில் ஒரு நிறுவனத்தில் எச்.ஆராக இருக்கிறான், வாரத்துக்குப் பத்துப் பேரையாவது நேர்காணலுக்கு அழைப்பவன். அவன் சொன்னதையே என் தோழிகளும் சொன்னார்கள், பழைய மேனேஜரும் சொன்னார். நல்ல நிறுவனம் சலித்துத்தான் எடுக்கும்; சல்லடையில் நிற்காதவர் தகுதி குறைந்தவர்; சின்ன நிறுவனத்தில் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்; பதில் வரவில்லையென்றால் அதுவே பதில். மென்பொருள் துறையில் இதை மறுத்துப் பேசுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நானும் பல வருடம் நம்பிய கருத்துதான். அது தவறு என்று இப்போது சொல்கிறேன். காரணங்களைச் சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். பெருங்குடிப் பக்கம் இருக்கும் ஒரு ஸ்டார்ட்அப்பிலிருந்து லிங்க்ட்இன் வழியாக அழைப்பு வந்தது. நான் விண்ணப்பிக்கவில்லை, அவர்களாகத்தான் கூப்பிட்டார்கள். சரக்கு விநியோகத்துக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம். நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள்.

முதல் சுற்று, தொலைபேசியில் அரை மணி நேரம். இரண்டாவது, கேமரா முன்னால் உட்கார்ந்து ஒன்றரை மணி நேர ஆன்லைன் கோடிங் டெஸ்ட். அதில் தேறியதும் ஓர் அசைன்மென்ட் அனுப்பினார்கள். எந்த லாரி எந்த வரிசையில் எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று திட்டம் போடும் நிரல் ஒன்றை எழுத வேண்டும். கூடவே டெஸ்ட் கேஸ்கள், விளக்கக் குறிப்பு. “நான்கு மணி நேரம் போதும்” என்று மின்னஞ்சலில் இருந்தது. கேட்டதையெல்லாம் ஒழுங்காகச் செய்து முடிக்க எனக்குப் பதினாறு மணி நேரம் ஆனது. இரண்டு வாரக் கடைசிகள் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

நான்காவது சுற்றுக்கு நேரில் வரச் சொன்னார்கள். அரை நாள் விடுப்பு. இரண்டு பொறியாளர்கள் எதிரே உட்கார்ந்தார்கள். அசைன்மென்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். இருவருமே அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கையில் மார்க்கரைக் கொடுத்து, போர்டில் ஒரு பைனரி ட்ரீ கணக்கைப் போடச் சொன்னார்கள். கல்லூரிக்குப் பிறகு வேலையில் ஒரு முறைகூட எனக்குத் தேவைப்படாத கணக்கு. நான் எழுதிக்கொண்டிருக்க, ஒருவர் தன் லேப்டாப்பில் வேறு எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பாதி வழியில் தடுமாறி, பிறகு முடித்தேன்.

ஐந்தாவது, நிறுவனரோடு. இன்னும் ஓர் அரை நாள் விடுப்பு. மூன்று மணிக்கு வரச் சொன்னவர் மூன்று ஐம்பதுக்கு வந்தார். பன்னிரண்டு நிமிடம் பேசினார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், எந்தக் கல்லூரி, குழந்தைக்கு எத்தனை வயது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் இருக்க முடியுமா. மூன்று மாதச் சம்பளச் சீட்டை அனுப்பச் சொன்னார். “நாங்க இங்க ஒரு ஃபேமிலி மாதிரி” என்றார். “ரெண்டு நாள்ல சொல்லிடுவோம்” என்றார்.

சொல்லவில்லை. மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆறாவது வாரம் அதே வேலைக்கான விளம்பரம் மறுபடி வந்தது. போக்குவரத்தையும் காத்திருந்ததையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவர்களுக்காக நான் கொடுத்தது 27 மணி நேரம். என் சம்பளச் சீட்டுகளும் நான் எழுதிய நிரலும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, சாத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்தார் என்று சொன்னேன். அந்தக் கடையில் கற்ற ஒன்றைத்தான் இங்கே வாதமாக வைக்கிறேன். வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசையும் படிக்கற்களையும் காலம் தவறாமல் சோதனைக்குக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் கடைக்குள் வந்தால் முதலில் பருப்பைப் பார்க்க மாட்டார், தராசைத்தான் பார்ப்பார். முத்திரை இல்லாவிட்டால் அதுவே குற்றம். எடை குறைந்ததா இல்லையா என்பது அதற்கு அடுத்த கேள்வி. “தராசு சரின்னு நாமதான் காட்டணும், வாங்க வர்றவங்க இல்ல” என்பார் அப்பா. கால் கிலோ துவரம்பருப்புக்கு இந்த நாடு வைத்திருக்கும் நியாயம் இது. ஒருவருடைய பதினோரு வருட உழைப்பை நிறுத்துப் பார்க்கும் தராசை யார் சோதித்தார்கள்? யார் முத்திரை குத்தினார்கள்?

சோதித்துப் பார்த்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதைப் பார்த்தால், “தேறாதவர் தகுதி குறைந்தவர்” என்ற பேச்சு நிற்காது.

இந்தப் பல சுற்று நேர்காணலுக்கு எல்லாரும் முன்மாதிரியாகக் காட்டுவது கூகுளை. அந்தக் கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013இல் நியூயார்க் டைம்ஸுக்கு அளித்த பேட்டியில் தங்கள் தராசைத் தாங்களே சோதித்த கதையைச் சொன்னார். பல்லாயிரக்கணக்கான நேர்காணல்களை எடுத்து, நேர்காணல் செய்தவர் போட்ட மதிப்பெண்ணையும் அந்த ஆள் பிறகு எப்படி வேலை செய்தார் என்பதையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பே தென்படவில்லை. ஒரே ஒருவருடைய கணிப்பு மட்டும் பலித்தது. அவரும் தன் குறுகிய துறையில் ஆள் எடுத்தவர். மூளையைக் குடையும் புதிர்க் கேள்விகள் முழுக்க நேர விரயம், கேட்பவர் தன்னைப் புத்திசாலியாக நினைத்துக்கொள்ளத்தான் அவை உதவும் என்றும் சொன்னார். நான்கு நேர்காணலுக்கு மேல் வைப்பதால் கணிப்பு பெரிதாகக் கூடுவதில்லை என்பதும் அவர்கள் கண்ட ஒன்று. கூகுள் திருத்திக்கொண்டது. கூகுளைப் பார்த்து எழுதியவர்கள் பழைய விடையையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் அழுத்தமான சான்று மருத்துவக் கல்வியிலிருந்து வருகிறது. 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, சுமார் 800 பேரை நேர்காணல் செய்து வரிசைப்படுத்தி, முன்னணியில் இருந்தவர்களிலிருந்து 150 பேரைச் சேர்த்தது. அதன் பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் வரிசையில் மேலே இருந்தவர்கள் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். எனவே 700க்கும் 800க்கும் இடையில் இருந்தவர்களை, அதாவது வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட கடைசி வரிசைக்காரர்களை, எடுக்க வேண்டி வந்தது. படிப்பு முடிந்து, அதற்குப் பிந்தைய பயிற்சியின் முதல் ஆண்டு முடியும்வரை இரு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. நேர்காணல் கீழே தள்ளியவர்கள் மேலே ஏற்றியவர்களுக்குச் சமமான மருத்துவர்களாக வந்து நின்றார்கள்.

மருத்துவக் கல்லூரிக்கு அரசு கொடுத்த அந்த வாய்ப்பு நம் துறைக்குக் கிடைப்பதே இல்லை. நிராகரிக்கப்பட்டவர் என்ன ஆனார் என்று எந்த நிறுவனமும் போய்ப் பார்ப்பதில்லை. எடுத்தவர்கள் நன்றாக வேலை செய்வதைக் காட்டி, “பார்த்தீர்களா, எங்கள் வடிகட்டல் சரி” என்கிறார்கள். எடுக்காதவர்களும் அதே அளவு நன்றாகச் செய்திருப்பார்களா என்ற மறுபாதிக் கணக்கு அவர்கள் ஏட்டில் இல்லவே இல்லை. ஒரு தட்டை மட்டும் பார்த்துத் தராசு சரி என்று எந்த மளிகைக் கடையிலும் சொல்ல முடியாது.

அந்த பைனரி ட்ரீ கணக்குக்கு வருகிறேன். மேக் கணினியில் வேலை செய்யும் நிரலாளர்களுக்கு ‘ஹோம்ப்ரூ’ என்ற மென்பொருள் கருவி தெரியும். அதை உருவாக்கிய மேக்ஸ் ஹவெல், போர்டில் ஒரு பைனரி ட்ரீயைத் திருப்பிப் போட முடியாததால் கூகுள் தன்னை நிராகரித்தது என்று 2015இல் எழுதினார். தங்கள் பொறியாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் கருவியைப் படைத்தவரையே போர்டு வெளியே அனுப்பியது. இதைத் தனி ஒருவரின் கதை என்று தள்ளிவிடலாம். ஆய்வு இருக்கிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020இல் வெளியிட்டது. 48 மாணவர்களிடம் போர்டில் போடும் நிரல் கணக்கைக் கொடுத்தார்கள். சிலர் தனியறையில் போட்டார்கள். சிலர், நேர்காணல்போல ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு விளக்கிக்கொண்டே போட்டார்கள். ஆள் பார்க்கும்போது செயல்திறன் பாதிக்கும் கீழே போனது. தனியறையில் போட்ட பெண்கள் அத்தனை பேரும் சரியாகப் போட்டார்கள். பார்வைக்கு முன்னால் போட்ட பெண்களில் ஒருவர்கூடச் சரியாகப் போடவில்லை.

ஆட்கள் குறைவான ஆய்வு, இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது சொல்லும் பொருள் தெளிவு. அந்தப் போர்டு நிரல் அறிவை நிறுக்கவில்லை. இன்னொருவர் முறைத்துப் பார்க்கும்போது பதறாமல் நிற்கும் திறனை நிறுக்கிறது. மென்பொருள் வேலையில் யாரும் தோளுக்குப் பின்னால் நின்று நாற்பது நிமிடம் முறைப்பதில்லை.

இதற்குத் துறையில் ஒரு தயாரான பதில் உண்டு. தவறான ஆளை எடுத்துவிடுவதைவிட நல்ல ஆளை இழப்பது மேல். நிரலாளர்கள் மதிக்கும் ஜோயல் ஸ்பால்ஸ்கி 2000த்திலேயே இந்தக் கருத்தை எழுதிப் பரப்பினார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நானும் ஆறு வருடமாக நேர்காணல் எடுக்கிறேன். பத்துப் பேர் இருக்கும் குழுவில் ஒருவர் சரியில்லையென்றால் மற்ற ஒன்பது பேரின் வேலையும் கெடும், அதை அனுபவித்திருக்கிறேன். ஆனால் இந்த வாதம் செல்ல வேண்டுமானால், வைக்கும் சோதனை நல்லவரையும் தவறானவரையும் பிரித்துக் காட்டுவதாக இருக்க வேண்டும். பிரித்துக் காட்டாத சோதனையை ஐந்து முறை வைத்தால், ஐந்து முறை பூவா தலையா போட்டுப் பார்த்ததாகத்தான் ஆகும். ஐந்து முறையும் பூ விழுந்தவருக்கு வேலை கிடைக்கிறது. அவர் அதிர்ஷ்டசாலி என்பதைத் தவிர அவரைப் பற்றி வேறொன்றும் நிரூபணமாகவில்லை.

தவறான ஆள் உள்ளே வந்துவிட்டால் நிறுவனம் கவிழ்ந்துவிடும் என்பதும் மிகை. எந்த ஆஃபர் லெட்டரை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்: மூன்று மாதமோ ஆறு மாதமோ புரொபேஷன் இருக்கும், அந்தக் காலத்தில் சிறு அறிவிப்பு கொடுத்து அனுப்பிவிடலாம். நிறுவனத்துக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. வேலைக்கு வருகிறவருக்குத்தான் கதவு இல்லை. பழைய நிறுவனத்தில் 60 நாள், 90 நாள் நோட்டீஸ் கொடுத்து, அங்கே இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு வருகிறவர் அவர். யாருக்கு இழப்பு அதிகமோ அவருக்கல்லவா அதிக விளக்கம் தர வேண்டும்?

அடுத்தது அசைன்மென்ட். “நிஜ வேலையைக் கொடுத்துத்தானே பார்க்கிறார்கள், இதைவிட நியாயமான சோதனை ஏது?” என்று கேட்பார்கள். கொள்கையளவில் ஒப்புக்கொள்கிறேன். செய்ய வேண்டிய வேலையின் ஒரு துண்டைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது நல்ல முறைதான். ஆள்தேர்வு ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அதைத் திறந்து பார்த்து, மதிப்பிட்டு, எழுதியவரோடு பேசினால்தான் அது சோதனை. திறக்காத விடைத்தாளுக்குத் தேர்வு என்று பெயர் கிடையாது. அங்கே உண்மையில் நிறுக்கப்பட்டது, சம்பளமில்லாமல் பதினாறு மணி நேரம் ஒதுக்க யாருக்கு வசதி இருக்கிறது என்பது. கைக்குழந்தை இருக்கிறவர், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர், சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர், எல்லாரும் அங்கேயே கழிந்துவிடுகிறார்கள். வேர்ட்பிரஸ்.காமை நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம், சோதனைக் காலத்தில் செய்யும் வேலைக்கு மணிக்கு 25 டாலர் கொடுக்கும் வழக்கத்தை வைத்திருந்தது. பணம் கொடுத்தால் இரண்டு நல்லது நடக்கும். உழைத்தவருக்குக் கூலி கிடைக்கும். காசு போட்டு வாங்கியதை நிறுவனம் நிச்சயம் திறந்து பார்க்கும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்கவைப்பது அந்தப் பன்னிரண்டு நிமிடம். “கல்ச்சர் ஃபிட் பார்க்க வேண்டாமா? ஆளைப் பார்த்துப் பேசினால்தானே தெரியும்” என்கிறார்கள். ஆளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன் என்கிற நம்பிக்கையையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜேசன் டேனாவும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு மாணவர் அடுத்து என்ன மதிப்பெண் எடுப்பார் என்று கணிக்க வேண்டும். பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர்களின் கணிப்பைவிட, அதோடு நேர்காணலும் செய்தவர்களின் கணிப்பு மோசமாக இருந்தது. சில நேர்காணல்களில் மாணவர்கள், உண்மையைச் சொல்லாமல், ஒரு குருட்டு விதிப்படி ஆம், இல்லை என்று பதில் சொன்னார்கள். கேட்டவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தக் குருட்டுப் பதில்களிலிருந்தும் ஆளைப் புரிந்துகொண்டதாகவே நம்பினார்கள்.

நம் ஊரில் இந்த ‘ஃபிட்’டுக்கு இன்னொரு முகம் உண்டு. எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்வி எதைத் தேடிப் போகிறது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பகுதி நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து 2007இல் எழுதினார்கள். தகுதி ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று சத்தியம் செய்த அதே மேலாளர்கள், அடுத்த மூச்சில் குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்று சொன்னார்கள். அதே ஆண்டு சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் வெளியிட்ட ஆய்வு, நேர்காணலுக்கு முந்தைய கட்டத்தையே சோதித்தது. தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. பெயரே இவ்வளவு செய்யுமானால், நேரில் உட்காரவைத்து ஊரையும் அப்பாவின் தொழிலையும் கேட்டால் என்ன ஆகும்? லாரி எந்த வழியில் போக வேண்டும் என்று கணக்கிடும் நிரலுக்கும் சாத்தூர் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம்?

குழந்தைக்கு எத்தனை வயது என்பதும் அதே ரகம். என்னோடு வேலை பார்க்கும் ஆண்களிடம் விசாரித்தேன். ஒருவரிடம்கூட எந்த நேர்காணலிலும் யாரும் இதைக் கேட்டதில்லை. ஆள் எடுப்பதில் பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976இன் சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது. ஐம்பது வருடம் ஆகிவிட்டது. ஸ்டார்ட்அப் புதிதாக இருக்கலாம், அதன் நிறுவனருக்கு வயது முப்பதாக இருக்கலாம். அந்தக் கேள்வி அதைவிடப் பழையது.

“குடும்பம் மாதிரி” என்ற பேச்சையும் விட முடியாது. குடும்பத்தில் ஒருவரை ஐம்பது நிமிடம் காக்க வைத்தால் மன்னிப்புக் கேட்பார்கள். சொல்கிறேன் என்று சொன்னால் சொல்வார்கள். சம்பளச் சீட்டைக் காட்டினால்தான் சாப்பாடு என்று சொல்ல மாட்டார்கள். வேலை என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்குரிய மரியாதையைக் கொடுத்தாலே போதும், உறவுமுறை வேண்டாம்.

கடைசியாக, தம்பி சொன்ன சமாதானம். சின்ன நிறுவனம், ஆள் இல்லை, நேரமில்லை. என்னிடமிருந்து 27 மணி நேரத்தை வாங்கிக்கொள்ள நேரம் இருந்தது. ஒரு வரி எழுதத்தான் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை நேர்காணல் செய்தால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாட்களுக்குள் முடிவு எடுத்தாயிற்றா என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சின்ன நிறுவனங்களின் கஷ்டம் தெரிந்துதான் 25 பேருக்குக் குறைவான இடங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நான் போன நிறுவனத்தில் நாற்பது பேர்.

பழைய சம்பளத்தைக் கேட்பதும் இயற்கை விதி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016லேயே இதைத் தடுத்துச் சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவு, முந்தைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது, தரப்போகும் சம்பளத்தின் அளவை விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 2023இல் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காக வாங்கினார்களோ அந்த நோக்கம் முடிந்ததும் தரவை அழித்துவிட வேண்டும் என்ற கொள்கையை ஏற்றிருக்கிறது. வேலை தராதவரிடம் என் சம்பளச் சீட்டுக்கு என்ன வேலை?

“பிடிக்கலைன்னா பாதியில எழுந்து வந்திருக்கலாமே” என்றும் ஒருவர் கேட்டார். எழுந்து வரலாம்தான். ஆனால் எத்தனை சுற்று, எதைச் சோதிக்கிறார்கள், எவ்வளவு சம்பளம் என்று எதையுமே முன்னால் சொல்லாதபோது எதைப் பார்த்து எழுந்து வருவது? ஒவ்வொரு சுற்றும் முடிந்த பிறகுதான் அடுத்தது இருப்பதே தெரிந்தது. விலையும் எடையும் சொல்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, வேண்டாமென்றால் வாங்காமல் போயிருக்கலாமே என்று கேட்பதை வியாபாரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் ஆள்தேர்வு குறித்த பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரும்ப எடைபோட்டு 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கணிப்பு அச்சாகப் பலித்தால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்குக் கிடைத்தது 0.19. எல்லாரிடமும் ஒரே கேள்விகளை, வேலையை ஒட்டிக் கேட்டு, முன்பே எழுதிவைத்த அளவுப்படி மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42, பட்டியலில் முதலிடம். அதுகூடப் பாதிக்கும் கீழேதான் என்பதை ஆள் எடுக்கிறவர்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சிறந்த தராசுக்கே இவ்வளவுதான் துல்லியம் என்றால், “நீ தகுதியில்லாதவள்” என்று தீர்ப்பு எழுதும் உரிமை எவருக்கும் இல்லை.

இந்த ஒழுங்கான முறைக்குச் செலவு அதிகம் என்றும் சொல்ல முடியாது. பத்துக் கேள்விகளை உட்கார்ந்து எழுத ஒரு பிற்பகல் போதும். சென்னையில் வளர்ந்த ஸோஹோ இன்னொரு வழியையும் காட்டியிருக்கிறது. இருபது வருடமாகப் பள்ளிப்படிப்பு முடித்தவர்களையும் டிப்ளமோ முடித்தவர்களையும் எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்றி வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். பட்டம் இல்லாதவர்களின் கையில் என்ன இருக்கிறது என்பதை மாதக்கணக்கில் வேலை செய்யவைத்துப் பார்த்தார்கள். எல்லா நிறுவனமும் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. ஆனால் திறமையைக் கண்டுபிடிக்க முறைத்துப் பார்ப்பதைத் தவிர வழியே இல்லை என்று இனி சொல்ல முடியாது.

எனவே, தம்பி, எனக்குச் செட் ஆகவில்லை என்று சொல்லாதே. அந்த இருபத்தேழு மணி நேரத்தில் அவர்கள் என்னை நிறுக்கவே இல்லை. என் வேலையை அவர்கள் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் என் பதற்றம், என் ஊர், என் குழந்தையின் வயது, என் பழைய சம்பளம். இவற்றில் எதுவும் என் தகுதி அல்ல. வேலை கிடைக்காததற்காக நான் இதை எழுதவில்லை. இதே போல எழுந்து வந்த எத்தனையோ பேர், குறிப்பாகச் சின்ன ஊர்களிலிருந்து வந்து முதல் தலைமுறையாக இந்தத் துறைக்குள் நுழைந்த பிள்ளைகள், குற்றம் தங்களிடம்தான் என்று நம்பி ராத்திரி தூங்காமல் இருக்கிறார்கள். நீ சொல்லும் ஆறுதல் அவர்களுடைய அந்த நம்பிக்கைக்குத்தான் உரம் போடுகிறது.

நேர்காணல் மேசையின் இந்தப் பக்கம் உட்காருகிறவர்களிடம், என்னையும் சேர்த்துத்தான், கேட்கிறேன். எத்தனை சுற்று, என்ன சம்பளம் என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். வேலைக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். ஊரையும் அப்பாவையும் குழந்தையையும் விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொடுத்த வேலைக்குக் கூலி கொடுங்கள். முடியாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் முடிகிறதாகக் கொடுத்து, வந்ததைப் படியுங்கள். வேண்டாம் என்றாலும் ஒரு வாரத்துக்குள், காரணத்தோடு, எழுதுங்கள். நான் போன மாதத்திலிருந்து அப்படி எழுதுகிறேன். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் பதிலுக்காகக் காத்திருக்கும் ஒருவர் இப்போதும் இருப்பார். இன்று அவருக்கு எழுதிவிடுங்கள்.